சமாதானபுரத்தில் ஓர் அணுகுண்டு வகுப்பு

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பயிற்சி மையம். பெயர் வேண்டாம். யுபிஎஸ்சி-க்கு அரசியல் அறிவியல் எடுத்தவர்களுக்கு எட்டு ஞாயிறு வகுப்பு, 4,500 ரூபாய். ராதாபுரத்திலிருந்து விடியும் முன்பே பஸ் பிடித்துப் போனேன். அணு ஆயுதம் பற்றிய இரண்டு வகுப்புகளுக்கே அந்தப் பணம் தகும்.

சார் அமெரிக்க அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸில் ஆரம்பித்தார். அணுகுண்டு மெல்ல மெல்லப் பல நாடுகளுக்குப் பரவினால் நல்லதாகக்கூட இருக்கலாம் என்று 1981-இல் எழுதியவர். திருப்பி அடி விழும் என்று தெரிந்தால் யாரும் முதலில் கை ஓங்க மாட்டார்களாம். அதற்கு சார் சொன்ன உதாரணம்: வரப்புத் தகராறு, இரண்டு பங்காளிகள் கையிலும் அரிவாள். (நம்ம ஊர் என்றாலே அரிவாள்தானா?) கடைசி பெஞ்சிலிருந்து களக்காட்டுப் பையன், "அப்பமும் வெட்டு நடக்கத்தானே செய்யுது சார்" என்றான். சார் சிரித்துவிட்டு கார்கிலுக்குத் தாவினார். 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் குண்டு வெடித்துச் சோதித்தன. அடுத்த மே மாதமே மலையில் சண்டை. பெரிய போர் வராது என்ற தைரியமே சின்னச் சண்டைக்கு வழிவிடுகிறது.

அப்புறம் வால்ட்ஸை மறுத்த இன்னொரு அமெரிக்க அறிஞர், ஸ்காட் சேகன். குண்டைக் காப்பது ராணுவ அமைப்புகள். அமைப்பு என்றால் பிழை வரும் என்பது அவர் வாதம். 1983 செப்டம்பர் 26 அன்று, மேகத்தில் பட்ட வெயிலை அமெரிக்க ஏவுகணை என்று காட்டியது சோவியத் செயற்கைக்கோள். பணியிலிருந்த சோவியத் அதிகாரி பெத்ரோவ் அதை நம்பவில்லை. சொல்லி முடித்தபோது ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கூடங்குளத்தில் குண்டு செய்கிறார்கள் என்று எங்கள் ஆச்சி இன்னும் சொல்வாள். அதையும் கேட்டேன். உலை எரிபொருளில் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 ஐந்து சதவீதத்துக்கும் குறைவு, குண்டுக்குத் தொண்ணூறு சதவீதம் வாக்கில் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

நோட்ஸ்தான் மோசம். தனியாக 600 ரூபாய். வால்ட்ஸுக்குப் பன்னிரண்டு பக்கம், சேகனுக்கு இரண்டே வரி. போதாததற்கு, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டதாக அச்சடித்திருக்கிறார்கள்! இன்றுவரை போடவில்லை. சேகனுக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஆபீசில் காட்டியதற்கு, "அடுத்த பேட்ச்சுல மாத்திருவோம்மா" என்றார்கள். இந்த வருஷம் என் சித்தி மகள் வாங்கி வந்த நோட்ஸிலும் அதே வரி, அதே பக்கம்.

வகுப்பில் சேருங்கள், நோட்ஸ் வாங்காதீர்கள். ஃபேன் ஓடுவது இடது வரிசையில் மட்டும்; சீக்கிரம் போய் இடம் பிடித்துவிடுங்கள்.