ஓரத்தில் முளைக்கும் தாய்மாமன்: ஆல்பம் வேலையில் ஏஐ படநீட்டிப்பு

திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் கேட்டிருந்தார்: "போட்டோவை ரெண்டு பக்கமும் நீட்டித் தர்ற ஏஐக்காகவே சந்தா கட்டலாமாண்ணே? ஆல்பத்துக்குத் தாங்குமா?" ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தேவையில்லை. போட்டோஷாப்பில் படத்தை வெட்டும் க்ராப் டூலை வெளியே இழுத்து, எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டு, ஜெனரேட் அழுத்தினால் மூன்று மாதிரி வரும். போட்டோஷாப்பில் 2010லேயே கன்டென்ட் அவேர் ஃபில் வந்துவிட்டது. அது அதே படத்துக்குள் இருப்பதை வெட்டி ஒட்டும். 2023 மே மாதம் பீட்டாவில் வந்த ஜெனரேட்டிவ் ஃபில்லும், ஜூலையில் வந்த எக்ஸ்பாண்டும் படத்தில் இல்லாததை வரைகின்றன. இன்று வேறு பல மென்பொருளிலும் இதே வசதி உண்டு. நான் சொல்லும் குறைகள் இந்த வகைக்கே பொது. எந்தக் கம்பெனியையும் குறிவைக்கவில்லை.

முதலில் நல்லது. ஆல்பம் டிசைன் செய்கிறவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமாக விரியும் 12×36 அங்குல ஷீட்டின் பெரிய தொல்லை நடு மடிப்பு. கேமரா தருவது 3:2, ஷீட்டோ 3:1. பொண்ணு மாப்பிள்ளை நடுவில் நிற்கும் படத்தை முழு ஷீட்டுக்குப் போட்டால் தலை போகும், இல்லை கால் போகும். போகாமல் மிஞ்சுகிற முகம் சரியாக 18ஆவது அங்குலத்தில், மடிப்பின் மேல் விழும். இதுவரை மங்கலாக்கிய அதே படத்தைப் பின்னால் விரித்து, ஓரத்தில் பூ டிசைன் ஒட்டி ஒப்பேற்றினோம். இப்போது ஒரு பக்கம் மட்டும் நீட்டினால் போதும். ஜோடி இடது பாதிக்குள் அடங்கும், வலது பாதி முழுக்க மண்டபத்தின் பின்னணி ஓடும், மடிப்பு வெறும் துணியின் மேல் விழும். இது ஒன்றுக்காகவே இந்தக் கருவியைக் கும்பிடலாம். கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரத்தில் எடுக்கும் படங்களில் தாமரைக் குளத்தையும் பாறையையும் வானத்தையும் நீட்டினால் ஒட்டுப் போட்ட இடம் எடுத்தவருக்கே தெரியாது.

இனி கணக்கு. 12×36 ஷீட், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 10800×3600 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 படத்தை உயரத்துக்குப் பொருத்தினால் அகலம் 5400, அதாவது ஷீட்டில் பாதி. மீதிப் பாதியை ஏஐதான் வரைய வேண்டும். ஆரம்ப மாடல்கள் ஒரு தடவைக்கு 1024×1024 மட்டுமே வரைந்தன; அதைவிடப் பெரிய இடத்தைக் கொடுத்தால் வரைந்ததை இழுத்துப் பெரிதாக்கிப் போட்டுவிடும். பின்னால் வந்த மாடல்களில் அளவு கூடியிருக்கிறது, ஆனால் இழுக்கிற பழக்கம் போகவில்லை. ஸ்கிரீனில் முழு ஷீட்டாகப் பார்க்கும்போது அழகாக இருக்கும். பிரிண்ட் லேபிலிருந்து வந்த ஷீட்டில் அந்தப் பாதி மட்டும் எண்ணெய் தடவியது மாதிரி வழவழவென்று இருக்கும்.

அதனால் ஷீட்டை முழு அளவில் திறந்து, படத்தை வைத்து, சுமார் 1000 பிக்சல் சதுரமாக செலக்‌ஷன் போடுங்கள். அதில் 150 பிக்சலாவது ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் ஏறியிருக்க வேண்டும். மேல் ஏறிய பகுதியையும் கருவி திரும்ப வரையும் என்பதால் மாலை, நகை, புடவைக் கரை எதுவும் அதற்குள் வரக்கூடாது. இப்படிப் பாதி ஷீட்டை நிரப்ப முப்பது கட்டத்துக்குக் குறையாது. எல்லாப் படத்துக்கும் இது தேவையில்லை. ஃபோகஸ் இல்லாத பின்னணி, சீரியல் லைட்டின் மங்கல் வட்டங்கள், வெறும் சுவர் என்றால் ஒரே இழுப்பில் முடியுங்கள். மங்கலை இழுத்தாலும் மங்கல்தான். இலை, செங்கல், பூ அலங்காரம் போலக் கூர்மையாக இருக்கிற இடத்துக்குத்தான் கட்டம் கட்டமான வேலை. மூன்று மாதிரியும் பிடிக்காமல் மறுபடி அழுத்தினால் சந்தாவோடு வரும் கிரெடிட் மறுபடி கழியும், அதையும் கணக்கில் வையுங்கள். முடிவு செய்த பிறகு மற்ற மாதிரிகளை அழித்துவிடுங்கள். எல்லாம் லேயருக்குள்ளேயே தங்கி பிஎஸ்டி ஃபைல் ஊதிப்போகும்.

இப்போது தலைப்பில் சொன்ன ஆசாமி. மணவறைப் படத்தில் ஓரம் சுத்தமாக இருந்ததே கிடையாது. தாய்மாமனின் தோள், தோழியின் அரைக்கை, லைட் பிடிக்கும் பையனின் முழங்கை என்று ஏதாவது ஒன்று பார்டரில் வெட்டுப்பட்டு நிற்கும். அந்த ஓரத்தை நீட்டினால், பாதி ஆளை முழு ஆளாக்குவதுதான் தன் கடமை என்று கருவி எடுத்துக்கொள்கிறது. தோளுக்கு ஒரு முகம் வரைகிறது; மதுரைச் சீமையில் எங்கேயும் இல்லாத முகம். விரல் எண்ணிக்கை இப்போது பெரும்பாலும் சரியாக வருகிறது, ஆனால் அந்தக் கை பக்கத்து ஆளின் தாம்பாளத்துக்குள் புகுந்து மறையும். கல்யாண ஆல்பம் என்பது மொய் நோட்டுக்கு அடுத்த கணக்குப் புத்தகம். வீட்டுப் பெரியவர்கள் பொண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தில் நிற்கிறவர்களை எண்ணுவார்கள். "இது யாரு, நம்ம ஆளு மாதிரி இல்லையே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

"ஆள் வேண்டாம்" என்று எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றும். உதவாது. இந்த மாடல்கள் என்ன வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு, வேண்டாம் என்பதைப் பிடிப்பதில்லை; 'ஆள்' என்ற சொல்லே ஒரு ஆளைக் கூட்டிவரும். எழுதினால் "சிவப்புத் திரை, பூத்தோரணம்" என்று இருக்க வேண்டியதை எழுதுங்கள். அதைவிட நம்பகமான வழி, நீட்டுவதற்கு முன்பே ஓரத்தைச் சுத்தம் செய்வது. பாதி ஆள் முழுதாக வெளியே போகும்வரை உள்பக்கம் க்ராப் செய்யுங்கள். முடியாவிட்டால் ரிமூவ் டூலில் அவரை முழுதாக எடுத்துவிட்டு, பார்டர் நெடுக 100 பிக்சலுக்கு வெறும் பின்னணி இருக்கிறதா என்று பார்த்து நீட்டுங்கள். எடுக்கவே கூடாத ஆள் என்றால் (சீர் கொண்டுவந்த மாமனை யார் எடுப்பது?) எதிர்ப்பக்கம் நீட்டுங்கள். அதுவும் முடியாது என்றால், அதே மேடையின் வேறு பிரேமிலிருந்து ஒரு வாழை மரத்தையோ பூத்தூணையோ வெட்டி எடுத்து, அவர் வெட்டுப்பட்ட இடத்தை மறைத்து வைத்துவிட்டு நீட்டுங்கள். மரத்துக்குப் பின்னால் பாதி ஆள் நிற்பது இயல்புதான்.

ஊர் அடையாளங்கள் எதையும் இதன் கையில் கொடுக்காதீர்கள். ஒத்தக்கடைப் பக்கம் எடுத்த படத்தில் யானைமலையின் துதிக்கைப் பக்கம் பார்டரில் வெட்டுப்பட்டிருந்தால், நீட்டியதும் யானை காணாமல் போய் ஏதோ ஊட்டி மலை வரும். காய்ந்த வைகையில் தண்ணீர் ஓடும். அது மட்டும் நல்ல மனசு. கோபுரத்தை நீட்டினால் நிலைகளின் எண்ணிக்கை தப்பும், கலசம் இரட்டைப்படையில் வரும், சுதைச் சிற்பங்களின் முகம் உருகி வழியும். வெளியூர்க்காரர் கவனிக்காமல் விடலாம், மதுரை மாசி வீதியில் பிறந்தவர் விடமாட்டார். திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் வரிசையாகத் திரும்ப வருவதால் ஓரளவு தேறுகின்றன, வளைவுகளின் வேலைப்பாட்டை மட்டும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்து வெட்டுப்பட்ட பேனர் என்றால் மிச்சத்தை எந்த மொழியிலும் சேராத வளைவுகளாக நிரப்பும். மறைத்துவிட்டு ஃபான்ட் போட்டு நீங்களே எழுதுங்கள். இதற்கெல்லாம் நிஜமான மருந்து கேமராக்காரரிடம் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஆள் இல்லாமல் ஒரு அகலமான பிரேம் தட்டிவிடச் சொல்லுங்கள்.

ஹோமத்தின் முன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஐயரைப் பார்த்தால் கருவி சில நேரம் "விதிமுறைக்கு மாறானது" என்று சொல்லி வேலையே செய்யாது. அவர் மேல் தற்காலிகமாக வேட்டி நிறத்தில் ஒரு பட்டை வரைந்துவிட்டு நீட்டி, பிறகு பட்டையை எடுத்துவிடலாம். எரிச்சல்தான், வழி இல்லாமல் இல்லை.

நீட்டிய பகுதி வழவழப்பாக வரும், மண்டபத்தில் ஐஎஸ்ஓ 3200ல் எடுத்த படத்தில் மணல் மணலாக நாய்ஸ் இருக்கும். புது லேயருக்கு மட்டும் ஆட் நாய்ஸில் காசியன், மோனோக்ரோமாட்டிக், 2 முதல் 4 சதவீதம் கொடுத்தால் பொருந்தும். ஒட்டு தெரிகிறதா என்று சோதிக்க மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, அதன் கோட்டைச் செங்குத்தாக இழுத்துப் பாருங்கள். நிற வித்தியாசம் கோடாகத் தெரியும். பார்த்தபின் அந்த லேயரை அழிக்க மறக்காதீர்கள். கலர் கரெக்‌ஷனை கேமராவின் ரா (RAW) ஃபைலிலேயே முடித்துவிட்டு நீட்டுவது நல்லது.

சொல்லி வாங்குகிற சாட் வகைக் கருவிகள் முழுப் படத்தையும் புதிதாக வரைந்து தருகின்றன. வலப்பக்க மூக்குத்தி இடப்பக்கம் போகும், சிரிப்பு கொஞ்சம் மாறும். ஆல்பத்துக்கு ஆகாது.

ஃப்ளெக்ஸ் வேலை என்றால் இதே கருவி தங்கம். காதணி விழாவுக்கு வாட்ஸ்அப்பில் நிமிர்ந்த படமாக ஒன்றை அனுப்பி, பத்தடி அகலத்துக்கு பேனர் கேட்பார்கள். பேனரைத் தூரத்தில் நின்று பார்ப்பதால் குறைந்த டிபிஐ போதும், இழுத்துப் பெரிதாக்கியது கண்ணில் படாது.

ஆக, நண்பரே, கட்டலாமா என்றால் வேண்டாம். மடிப்பைத் தீர்த்தது, பூ டிசைனை ஒழித்தது, எல்லாம் சரி. மண்டபம் மண்டபமாக ஓரத்து ஆட்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறவனிடம் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் வருட ஒப்பந்தத்தில் மாட்டாமல் மாதச் சந்தாவாக எடுங்கள். மார்கழியில் நிறுத்திவிட்டுத் தையில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.