செர்டாங்ல குடும்பவியல் படிப்பு: எஸ்டேட்டுப் பிள்ளைங்களுக்கு ஒத்து வருமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எஸ்டிபிஎம் (யுனிவர்சிட்டிக்கு முந்தின பரீட்சை) முடிச்ச தம்பி தங்கச்சிங்க இந்தப் படிப்பு எப்படின்னு ஆளாளுக்கு வாட்ஸ்அப்புல கேக்குறாங்க, மொத்தமா இங்கயே எழுதிடுறேன். படிப்பு பேரு மனித மேம்பாடும் குடும்பவியலும், செர்டாங்ல இருக்குற யுபிஎம் யுனிவர்சிட்டியில மனித சூழலியல் ஃபேக்கல்ட்டிக்குள்ள இதுக்குன்னே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு. 1931ல விவசாயப் பள்ளியா ஆரம்பிச்ச எடம்ங்கிறதால நம்ம ஊரு பெருசுங்க இன்னமும் "மாடு வளக்கவா போற"ன்னுதான் கேக்கும், கேட்டுட்டுப் போவட்டும்.

இந்தப் படிப்புக்கு நான் போடுற மார்க்கு 5க்கு 4.

கரு உண்டானதுலேர்ந்து மனுஷன் சாவுற வரைக்கும் எப்படி மாறுறான், குடும்பம் எப்படி ஓடுது, எங்க முட்டிக்குது, இதான் பாடம். புள்ளைங்க யோசிக்கிற விதம் எப்படி வளருதுன்னு சொன்ன பியாஜே, மனுஷன் ஆயுசு முழுக்க மனசளவுல எப்படி மாறுறான்னு சொல்ற எரிக்சனோட 8 கட்டம் எல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியே ஆகணும். எனக்கு நெஜமா மண்டையில ஏறுனது பிரான்ஃபென்பிரென்னர்ங்கிற உளவியல் அறிஞர்தான். 1979ல வந்த புத்தகத்துல மனுஷன் சொல்றாரு, புள்ளைய மட்டும் பாக்காத, அதச் சுத்தி அடுக்கடுக்கா என்ன இருக்குன்னு பாருன்னு. அதுல எக்ஸோசிஸ்டம்னு ஒரு அடுக்கு, புள்ள காலே வைக்காத எடம், ஆனா அங்க எடுக்குற முடிவு புள்ள தலையில வந்து விழும். எஸ்டேட்டுல வளந்தவனுக்கு இதுக்கு விளக்கமே வேணாம்லா, எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்து ரப்பர சாய்ச்சுட்டு செம்பனை போடலாம் இல்ல நெலத்த வித்துட்டுத் தாமான் (குடியிருப்பு வீடுங்க) கட்டலாம்னு முடிவு பண்ணுவாங்க, கொஞ்ச நாள்ல லயத்துல பாதி வீடு காலி, தமிழ்ப்பள்ளியில ஒரு வகுப்புக்கு ஆறேழு பிள்ளைங்க.

அட்டாச்மென்ட், அதாவது புள்ளைக்கும் தாய்க்கும் உள்ள ஒட்டுதல், அந்தப் பாடமும் அப்படித்தான். மேரி ஐன்ஸ்வர்த்னு ஒரு ஆராய்ச்சியாளர் அம்மா, ஒரு வயசு புள்ளைய புது ரூம்ல விட்டுட்டு தாய வெளிய அனுப்பி ஒரு மூணு நிமிஷம் பாப்பாங்க, தாய் திரும்பி வரப்ப புள்ள என்ன பண்ணுதுன்னு வச்சுத்தான் வகை பிரிப்பாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. எங்க பாட்டி விடியறதுக்கு முன்னாடியே புள்ளைங்கள ஆயாக்கொட்டாய்ல (எஸ்டேட்டுல புள்ளைங்கள பாத்துக்குற எடம்) விட்டுட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டப் போய், பால எடுத்துட்டு வெயில் ஏறுனப்புறம்தான் தூக்க வருவாங்க. அந்தப் புள்ளைங்கள எந்த வகையில சேப்பீங்கன்னு வகுப்புல கேட்டேன், அந்த ஆராய்ச்சி பண்ணது அமெரிக்காவுல பால்டிமோர்ல, நடுத்தரக் குடும்பத்துப் புள்ளைங்கள வச்சுன்னு அன்னிக்கு முழுக்க அதயேதான் பேசுனோம். நல்ல வகுப்பு.

அசைன்மென்ட்டுல எனக்குப் புடிச்சது ஜெனோகிராம், குடும்பத்துல யாரு யாருக்கு என்ன உறவுன்னு காட்டுற படம். ஆம்பளைக்கு சதுரம், பொம்பளைக்கு வட்டம், செத்தவங்களுக்கு உள்ள ஒரு பெருக்கல் குறி, ரெண்டு பேருக்குள்ள சண்டைன்னா கோடு கோணல்மாணலா போகும். மூணு தலைமுறை போடணும். தரையில பேப்பர விரிச்சு பாட்டிகிட்ட கேட்டுக்கேட்டு வரைஞ்சேன், பெரியப்பாவுக்கும் எங்கப்பாவுக்கும் நடுவுல அந்தக் கோணல் கோட்ட போட்டதும் பாட்டி பேனாவ புடிச்சுகிட்டு "அத நேரா போடு, வாத்தியாரு என்ன நெனைப்பாரு"ன்னுட்டாங்க. நான் போட்டுத்தான் குடுத்தேன், பாட்டி ரெண்டு நாள் முகத்த தூக்கி வச்சுகிட்டாங்க.

சரி, அந்த ஒரு மார்க்கு எங்க போச்சு? இத முடிச்சா கவுன்சிலர் ஆயிடலாம்னு நம்ம ஊருல பாதி பேரு நம்பிகிட்டு இருக்காங்க. ஆவ முடியாது. 1998 கவுன்சிலர் சட்டப்படி கவுன்சிலர் போர்டுல பதிஞ்சவங்கதான் அந்தப் பேர போட்டுக்கலாம், அதுக்குக் கவுன்சிலிங் தனியா படிக்கணும். தமிழ்ப்பள்ளி டீச்சர் வேலைக்கும் இது மட்டும் பத்தாது. ஜேகேஎம் (சமூகநல இலாகா), எல்பிபிகேஎன் (மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்), சமூக சேவை அமைப்பு, தாஸ்கா (குழந்தைகள் காப்பகம்), இந்த மாதிரி வழியிலதான் போகணும், அரசாங்க வேலைன்னா எஸ்பிஏல (அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்குற ஆணையம்) காத்துக் கெடக்கணும். இத யாரும் முதல்லயே ஒடச்சு சொல்றதில்ல, கேட்டாத்தான் சொல்றாங்க.

இன்டஸ்ட்ரியல் டிரெய்னிங்னு படிப்போட ஒரு வேலைப் பயிற்சி இருக்கு, அந்த எடத்த விசாரிக்காம ஒத்துக்காதீங்க. நான் போன தாஸ்கா பேரு வேணாம், ஒரு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களுக்கு மூணுக்கு ஒரு ஆள் இருக்கணும்னு ரூல், அங்க ஒரு அக்கா ஆறு புள்ளைங்கள வச்சுகிட்டு அல்லாடுறாங்க, என்னப் பாத்ததும் நோட்டுப் புத்தகத்த உள்ள வையி, முதல்ல பாட்டில் கழுவுன்னுட்டாங்க. அவுங்களையும் கொற சொல்ல முடியாது.

அப்புறம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கு, குடும்பவியல்னதும் கணக்கு இருக்காதுன்னு வந்த கூட்டாளிங்க எல்லாம் அழுதாங்க. பிடிபிடிஎன் (படிப்புக் கடன்) காசு ஏறுன உடனே போன மாத்தாம நல்ல லேப்டாப் ஒன்னு வாங்கிடுங்க, புள்ளிவிவரக் கணக்குப் போடுற எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர் போன்ல ஓடாது.