மூன்றரை வருசம் ஒரு கிரௌனோடு

2022 மாசியில் இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு நிரந்தரக் கிரௌன், அதாவது பல்லை முழுக்க மூடுகிற உறை, போட்டேன். உள்ளே உலோகம், மேலே பீங்கான். அதற்கு முன்னம் அந்தப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து நரம்பெல்லாம் எடுத்தாச்சு. நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம் வந்து, ஏ9 வீதியால் வவுனியாவுக்கு நாலு தரம் பஸ் ஏறினேன். அம்மா இன்றுவரை சொல்லுறது ஒன்றுதான்: "அந்தக் காசுக்கு ஒரு பசுக்கண்டு வாங்கியிருக்கலாம்."

நிறம் பார்த்த நாளை மறக்க ஏலாது. வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலதில் புளோரைட் கூட. சின்னனில் அந்தத் தண்ணியைக் குடித்து வளர்ந்த எங்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் இருக்கும். டொக்டர் என் மகள் வயதுப் பிள்ளை. மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, நல்ல வெள்ளையா வைச்சா இது மட்டும் தனியாத் தெரியும்" என்று கொஞ்சம் மஞ்சளானதை எடுத்தா. அது சரியான முடிவு. கிரௌனின் நிறம் பிறகு எந்த வெளுக்கிற பேஸ்ட்டுக்கும் மாறாது. கரித்தூள், உப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் பீங்கானின் மினுக்கம் போய்க் கறைதான் பிடிக்கும்.

ஒட்டின சீமெந்து சில நிமிசத்தில் இறுகினாலும் முழுப் பலம் வர ஒரு நாள் செல்லும். அன்றைக்குக் கஞ்சியும் இடியப்பமும், அதுவும் மற்றப் பக்கத்தால். இதில் சொல்ல வேறொன்றுமில்லை.

பிழை விட்டது அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் சோறு மெல்லும்போது அந்தப் பல்லு மட்டும் முதலில் இடித்தது, சோற்றுக்குள் கல்லுக் கிடந்த மாதிரி. புதுச் செருப்புப்போலப் பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். டீசல் வரிசை தொடங்கிய காலம், பஸ்ஸும் ஒழுங்கில்லை. மூன்று கிழமையில் காதடி வரை நோ வந்து, தலையணையில் கன்னம் வைக்க முடியவில்லை. கடைசியில் போனேன். நீலக் கார்பன் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னா. கிரௌனில் இரண்டு கடும் நீலப் புள்ளி. அதை மட்டும் தேய்த்துவிட ஐந்து நிமிசம்கூட எடுக்கவில்லை. கடி உயரமாக இருந்தால் அது பழகாது. இரண்டு மூன்று நாளில் திரும்பிப் போங்கோ.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. போட்ட இடத்தில் கையில் தந்த பராமரிப்புத் தாள் முழுக்க ஆங்கிலம். பல்லிடுக்கை நூலால் துப்பரவாக்க வேண்டும் என்று வாயால் ஒருவரும் விளக்கவில்லை. நான் தையல்காரி, வீட்டில் நூலுக்கா பஞ்சம்? மெசின் நூலையே விட்டு இழுத்தேன். அது கிரௌன் ஓரத்தில் சிக்கிப் பிசிறி, ஒரு துண்டு உள்ளே நின்றுவிட்டது. முரசு இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் பாமசியில் மெழுகு பூசின ஃபுளோஸ் வாங்கினேன்.

ஆறு மாதச் சோதனைக்கு ஆவணியில் போயிருக்க வேண்டும். பெற்றோல் பிரச்சினையில் அது தள்ளித் தள்ளி 2023 தையில்தான் போனேன். நாக்குப் பக்க ஓரத்தில் ஊத்தை படிந்து, தொட்டவுடன் முரசில் இரத்தம். அன்றைக்குத்தான் விசயம் விளங்கியது. கிரௌனில் சூத்தை வராது. அது முடிந்து என் சொந்தப் பல்லுத் தொடங்குகிற ஓரத்தில்தான் வரும். உடுப்பும் அப்படித்தான், நடுத் துணியில் கிழிவது குறைவு, தையல் ஓரத்தில்தான் பிரியும். நரம்பு எடுத்த பல்லு என்றால் இன்னும் மோசம். உள்ளே சூத்தை போனாலும் கூசாது, நோகாது. நோகவில்லை என்று சும்மா இருந்தால் ஒருநாள் கிரௌன் பல்லோடு முறிந்து கையில் வரும்.

இப்போது இரவு படுக்க முன் ஃபுளோஸைக் கிரௌனின் கழுத்தைச் சுற்றி வளைத்து, முரசுக்குக் கொஞ்சம் உள்ளே விட்டு, மேலும் கீழும் மூன்று தரம். சட்டைக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற கவனம் வேண்டும், அவ்வளவுதான். முதல் பத்து நாள் இரத்தம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. மென்மையான பிரஷ்ஷைச் சரித்து ஓரத்தில் பிடித்துத் தேய்க்கிறேன்.

சாப்பாட்டில் முழுதாக விட்டது புழுக்கொடியல் ஒன்றைத்தான். போன வருசம் ஆசைக்கு ஒரு துண்டு கடித்து, பீங்கானின் வெளி ஓரத்தில் நகநுனி அளவு தெறித்துவிட்டது. நல்லகாலம், தேய்த்து மினுக்கிவிட்டதோடு சரி. இப்போது உரலில் இடித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தின்கிறேன். பாலைப்பழத்தை விட மனமில்லை. அந்தப் பால் வாயெல்லாம் ஒட்டும், ஆனபடியால் வலப்பக்கத்தால் மட்டும், அதுவும் ஒரு கைப்பிடிதான். கச்சான் அல்வாவும் பனாட்டும் அதே கணக்கு.

தெரிந்த ஒரு அண்ணைக்குக் கிரௌன் கழன்று, கடையில் வாங்கின சூப்பர் குளூவால் தானே ஒட்டினார். அது கோணலாக நின்று, பிறகு பல்லையே பிடுங்க வேண்டி வந்தது. கழன்றால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு டொக்டரிடம் கொண்டு போனால், அனேகமாக அதையே திரும்ப ஒட்டலாம்.

ஃபுளோஸ் பெட்டி தையல் மெசின் லாச்சியில் பொபின்களோடு கிடக்கும். போன வெள்ளி அம்மா அதை எடுத்துச் செவ்வந்திப்பூ மாலை கட்டிப் பிள்ளையார் படத்துக்குப் போட்டிருந்தா. சாமியறை முழுக்கப் புதினா மணம். "நல்ல நூல் பிள்ளை, அறுறதே இல்லை," என்றா.