லோரெய்ரோவா, அல்வரின்யோவா, நாலு யூரோ பாட்டிலா: கோடைக்கு எந்த வின்யோ வெர்டே?

வின்யோ வெர்டே என்பது போர்ச்சுகலின் வடமேற்கில் விளையும் ஒயின்; லோரெய்ரோவும் அல்வரின்யோவும் அதற்குப் போடும் வெள்ளைத் திராட்சை வகைகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் லோரெய்ரோ கட்சி. அதனால் இந்த ஒப்பீட்டில் தராசு சமமாக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போர்ட்டோவில் குடியிருப்பவனுக்கு மே மாதம் பிறந்ததும் வரும் கேள்வி இது. வெயில் ஏறுகிறது, மொட்டைமாடியில் கரி அடுப்பை எடுத்து வைத்தாகிவிட்டது, ஜூன் 23 இரவு சாவ் ஜோவாவ் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் மத்தி மீன் சுடும் புகை எழும்பப் போகிறது. ஃபிரிட்ஜ் கதவில் எந்த வெள்ளை ஒயினை அடுக்கி வைப்பது?

கடையில் போட்டி மூன்று பேருக்கு இடையில்தான். நான்கு யூரோவைச் சுற்றி விற்கும், பல திராட்சைகளைக் கலந்து செய்த, லேசாகக் குமிழி விடும் சாதாரண வின்யோ வெர்டே ஒன்று. லிமா ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வரும், லோரெய்ரோ திராட்சை மட்டும் போட்டுச் செய்த ஒயின் இரண்டாவது. ஐந்திலிருந்து பத்து யூரோவுக்குள் நல்லதாகவே கிடைக்கும். மூன்றாவது, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மொன்சாவ், மெல்காசோ ஊர்களின் அல்வரின்யோ. பத்து யூரோவுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் ஒரே சட்ட எல்லைக்குள்தான் வருகின்றன. போர்ச்சுகலின் வடமேற்கு மூலை, 1908இல் எல்லை வகுத்தது, உள்ளே ஒன்பது துணைப்பகுதிகள். கருங்கல் மண், கொட்டித் தீர்க்கும் மழை, அட்லாண்டிக் காற்று. புளிப்பு குறையாத ஒயின் வருவதற்கு இவ்வளவு போதும். சிவப்பும் இங்கே உண்டு, அதைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பார்கள், பல்லெல்லாம் ஊதாவாகிவிடும்; அது வேறு கதை.

நாலு யூரோ பாட்டிலை ஏளனமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காசால் கார்சியா, கசேலா மாதிரியான பெயர்களை உலகம் முழுக்கத் தெரியும் என்றால் காரணம் இருக்கிறது. ஆல்கஹால் ஒன்பது, பத்து சதவீதத்தைச் சுற்றித்தான், அதனால் மதியம் இரண்டு கிளாஸ் குடித்தாலும் சாயங்காலம் வேலை ஓடும். புளிப்பைக் கொஞ்சம் தணிக்கச் சர்க்கரையை மீதம் விட்டிருப்பார்கள், நாக்கில் ஊசி மாதிரி குமிழி குத்தும், உப்புத் தூவிச் சுட்ட மீனுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. பழைய காலத்தில் பாட்டிலுக்குள்ளேயே நடந்த இரண்டாவது நொதித்தலில் இந்தக் குமிழி தானாக வந்தது, கூடவே ஒயினும் கலங்கிப்போனது. இப்போது பாட்டிலில் அடைக்கும்போது வாயுவைச் சேர்க்கிறார்கள். இதைப் பெரிய மோசடி மாதிரி சிலர் பேசுவார்கள். தெளிவான ஒயின் கிடைக்கிறது, குமிழியும் இருக்கிறது, எனக்கு அதில் புகார் இல்லை.

என் புகார் வேறு, இந்த முழு அலசலும் அந்த ஒன்றில்தான் நிற்கிறது: பாட்டிலின் வயது.

லேசான வெள்ளை ஒயினை இளநீர் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும், வெட்டியதும் குடிக்கிற சமாசாரம். செப்டம்பரில் அறுவடை, குளிர்காலம் முழுக்கத் தொட்டியில், அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து பாட்டிலில். அந்தக் கோடையில் குடித்தால் அதற்கென்று இருக்கும் எல்லாமே கிளாஸில் இருக்கும். ஒரு வருடம் தள்ளிப்போனால் பூ வாசனை மெலிகிறது, குமிழி அடங்குகிறது. இரண்டு வருடம் ஆனால் வாசனை போயே போய்விடும், ஆனால் புளிப்பு போகாது, சர்க்கரையும் போகாது. மிஞ்சுவது இனிப்பும் புளிப்புமாக, உயிரில்லாத ஒரு தண்ணீர். கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் கெட்டுப்போகவில்லை, வெறுமனே தீர்ந்துவிட்டது. வின்யோ வெர்டே ஒரு முறை குடித்தேன், ஒன்றுமேயில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் கிடைத்தது இந்த மாதிரி பாட்டிலாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

இதில் சிக்கல் என்னவென்றால், சாதாரணக் கலவை ஒயின்களில் பலவற்றில் அறுவடை ஆண்டையே அச்சிடுவதில்லை. வருடா வருடம் ஒரே ருசி வரவேண்டும் என்பதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் ஒயினைக் கலக்கிறார்கள், அதனால் ஆண்டு போடவும் முடியாது. தயாரிப்பாளர் பக்கம் நியாயம் இருக்கிறது, வாங்குகிற நமக்கு மட்டும் கையில் பிடி எதுவும் இல்லை. பின்பக்கம் ஒட்டியிருக்கும் உத்தரவாத முத்திரைச் சீட்டு அது அந்தப் பகுதி ஒயின்தான் என்று உறுதி சொல்லும், எப்போது அடைத்தது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள உதவாது. தொகுதி எண்ணில் தேதி ஒளிந்திருப்பதுண்டு, ஆனால் அதைப் படிக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறும்.

கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். இந்த விலையில் நிறைய பாட்டில்கள் நிறமில்லாத கண்ணாடியில் வருகின்றன, அழகுக்குத்தான். வெயிலும் கடை டியூப்லைட்டும் ஒயினில் இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினைத் தூண்டி, கந்தகம் கலந்த சேர்மங்களை உண்டாக்கி, வேகவைத்த முட்டைக்கோஸ் வாடையைக் கிளப்பும். இது நடக்க வருடக்கணக்கு வேண்டாம், வெளிச்சம் நேராக விழும் அலமாரியில் சில நாட்களே போதும். ஆகவே மலிவு பாட்டில்தான் வேண்டும் என்றால் முன் வரிசையை விட்டுவிட்டு, பின்னால் இருட்டில் நிற்பதை அல்லது அட்டைப்பெட்டிக்குள் இருப்பதை எடுங்கள். சரக்கு வேகமாக நகரும் பெரிய சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள், மூலைக்கடையில் வேண்டாம்.

லோரெய்ரோ இந்த இடத்தில்தான் முன்னே போகிறது. ஒரே திராட்சை ஒயின் என்பதால் பெரும்பாலும் முன் லேபிளிலேயே ஆண்டு பளிச்சென்று இருக்கும். இந்தக் கோடைக்குப் போன வருட அறுவடை, அவ்வளவுதான் கணக்கு. பாட்டிலும் பொதுவாகப் பச்சை அல்லது பழுப்புக் கண்ணாடி. பிப்ரவரி, மார்ச்சில் கடைகள் பழைய ஆண்டைத் தள்ளுபடியில் தள்ளும்; அந்த வாரம் குடித்து முடிப்பதாக இருந்தால் எடுக்கலாம், சேர்த்து வைக்க எடுக்கக்கூடாது. நான் புது ஆண்டு வரும்வரை பொறுத்திருந்து, மே மாதத்தில் ஒரு பெட்டியாக வாங்கிவிடுகிறேன்.

வயதில் ஜெயித்தால் போதுமா, ருசி வேண்டாமா? அதிலும் இதுதான். கிளாஸில் ஊற்றினால் வெளிறிய எலுமிச்சை நிறம், ஓரத்தில் லேசான பச்சை. மூக்கைக் கொண்டுபோனால் முதலில் வருவது எலுமிச்சைப் பூ, கொஞ்ச நேரம் கழித்துத் தோல் சீவின வாசனை, அதற்கும் பின்னால் லாரல் இலையைக் கசக்கியது போல ஒரு பச்சை வாடை. லோரெய்ரோவில் லினலூல் என்ற வாசனைச் சேர்மம் தாராளமாக இருப்பதால் வரும் பூ மணம் இது, சீக்கிரம் மங்கிப்போவதும் இதுவேதான். அதனால் ஆண்டு பார்ப்பது இங்கே இன்னும் முக்கியம். வாயில் புளிப்பு நேராக இறங்கும், சர்க்கரை வைத்து மூட வேண்டிய புளிப்பு இல்லை. ஆல்கஹால் பதினொன்று, பன்னிரண்டு. குமிழி இருந்தாலும் கொஞ்சம்தான், சிலதில் சுத்தமாக இருக்காது.

போர்ட்டோவிலிருந்து வலென்சா போகும் ரயிலில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் இடப்பக்கம் உட்கார்ந்தாலும் இந்த ஊரின் திராட்சைக் கதை கண்ணில் படும். வயலின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் பந்தல், பந்தலில் கொடி, கீழே முட்டைக்கோஸ் பாத்தி. நிலம் துண்டு துண்டு, சோற்றுப் பயிருக்கே இடம் பத்தாது, அதனால் கொடியை மேலே ஏற்றிவிட்டார்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதும் குறைந்தது. ஆனால் அவ்வளவு உயரத்தில் இலை அடர்த்திக்குள் பழம் சரியாகக் கனியாது, புளிப்பு தூக்கலாக நிற்கும், ஏணி போட்டு ஏறிப் பறிக்க வேண்டும். இப்போதைய தோட்டங்களில் கம்பி கட்டித் தாழ்வாக வளர்க்கிறார்கள். பழம் கனிகிறது, ஒரே திராட்சையில் முழு பாட்டிலையும் நிரப்பும் துணிச்சலும் அதனால்தான் வந்தது. முன்பெல்லாம் லோரெய்ரோவுக்குக் கலவையில் வாசனை சேர்க்கும் வேலை மட்டும்தான்.

எதை வாங்குவது என்று கேட்டால், போன்டே டி லிமா கூட்டுறவு ஒயின் ஆலையின் லோரெய்ரோ மலிவு, கலவை ஒயினைவிட ஒரு யூரோ கூட இருந்தால் அதிகம். தினசரிக்கு அதுதான் எங்கள் வீட்டில். அன்செல்மோ மென்டெஸின் முரோஸ் ஆன்டிகோஸ் ஒரு படி மேல். கின்டா டோ அமேல் இன்னும் மேல், அதைச் சில வருடம் வைத்தும் குடிக்கலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் எந்த பாட்டிலும் அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை, ஆகவே அதற்கு நான் சாட்சி இல்லை.

அல்வரின்யோ ரசிகர்கள் இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். சரி, வயது விஷயத்தில் அல்வரின்யோதான் உண்மையான வெற்றியாளர், அதை மறைக்கப் போவதில்லை. மொன்சாவ், மெல்காசோ பக்கம் மலைகள் கடல் காற்றை மறித்துவிடுவதால் கோடை சூடாகவும் வறண்டும் இருக்கும், பழம் நன்றாகக் கனியும், ஒயினுக்குச் சதைப்பற்று வரும். மூன்று, ஐந்து வருடம் ஆனால் கெடுவதற்குப் பதில் சிலது மெருகேறுகிறது. மெல்காசோவில் 1982இல் முதல் அல்வரின்யோ பிராண்டைக் கொண்டுவந்த சோல்யெய்ரோவின் ஒயின் எந்தக் கடையில் எந்த ஆண்டு கிடைத்தாலும் தைரியமாக எடுக்கலாம். மின்யோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினின் ரியாஸ் பைசாஸில் அல்பரின்யோ என்ற பெயரில் விற்பதும் இதே திராட்சைதான்.

ஆனால் அது கோடை மதியத்துக்கான ஒயினா? ஆல்கஹால் பன்னிரண்டரை, பதின்மூன்று என்று போகிறது, பீச் பழ வாசனை, கனம். அடுப்பில் வைத்த பக்கல்யாவ் கருவாட்டுக்கும் ஆக்டோபஸுக்கும் அக்டோபர் இரவில் நான் அதைத்தான் திறப்பேன். ஜூலையில் முப்பத்தைந்து டிகிரியில் மத்தி மீனோடு அதைக் குடித்தால் சாப்பாடு முடிந்ததும் தூக்கம்தான். விலையும் இரட்டிப்பு, கொத்து சிறியது, கொட்டை அதிகம், சாறு குறைவு, விவசாயி வேறென்ன செய்வார். லேசானது, புத்தம் புதியது என்று தேடிப் போகிறவருக்கு இது நல்ல ஒயின், வேறு கேள்விக்கான பதில்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். போர்ச்சுகலுக்கு வெளியே, சரக்கு மெதுவாக நகரும் கடையில் வாங்குகிறவர் நான் சொல்வதைத் திருப்பிப் போட்டுப் படிக்கவும். அங்கே லோரெய்ரோ கப்பல், கிடங்கு, அலமாரி எல்லாம் தாண்டி வருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். லேபிளில் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆண்டு இருந்தால் அல்வரின்யோவை எடுங்கள். இல்லை, லிஸ்பனுக்கு வடக்கே இருக்கும் புசேலாஷின் அரிந்தோ கிடைத்தால் அதை எடுங்கள்: வின்யோ வெர்டே எல்லைக்கு வெளியே, சுண்ணாம்பு மண்ணில் விளைந்த, எலுமிச்சை மாதிரி நறுக்கென்ற புளிப்புள்ள ஒயின். வருடங்களைப் பொருட்படுத்தாது, விலையும் லோரெய்ரோ அளவுதான். குமிழியும் பூ மணமும் அதில் இருக்காது. பையாவ் பக்கத்து அவெஸ்ஸோ திராட்சை பற்றியும் கேட்பீர்கள். நான் குடித்தது குறைவு, குடித்தவரை கொஞ்சம் உருண்டு திரண்ட, புளிப்பு அடங்கிய ஒயினாகத் தெரிந்தது, தீர்ப்பு சொல்லுமளவுக்கு இல்லை.

உணவகத்தில் இதே விதி இன்னும் கறாராக வேண்டும். மத்தோசின்யோஸில் மீன் சுடும் கடைகள் நிறைந்த தெருவில் ஒரு இடத்தில் லோரெய்ரோ கேட்டதற்கு மூன்று வருடப் பழைய பாட்டிலை, விலையில் ஒரு பைசா குறைக்காமல், கார்க்கைப் பிடுங்கிய பிறகுதான் லேபிளைக் காட்டினார்கள். வெள்ளை ஒயின் எங்கே கெடப்போகிறது என்று பரிமாறியவர் சிரித்தார். அதிலிருந்து திறப்பதற்கு முன் பாட்டிலைக் கையில் வாங்கி ஆண்டைப் பார்க்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கிளாஸ் கணக்கில் கேட்டால் எப்போது திறந்தது என்று கேளுங்கள். குமிழியுள்ளது மறுநாளே படுத்துவிடும்.

வீட்டில் திறந்த லோரெய்ரோ ஃபிரிட்ஜில் மூடியோடு இரண்டு நாள் தாங்கும், மூன்றாவது நாள் மட்டிக் கறிக்கு ஊற்றலாம். பூண்டு, கொத்தமல்லி, ஆலிவ் எண்ணெயில் மட்டியை வாய் திறக்க வைக்கும்போது அரை கிளாஸ் போதும். பரிமாறும் சூடு எட்டிலிருந்து பத்து டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மேசையில் விட்டால் அந்த அளவுக்கு வரும், நேராக ஊற்றினால் பூ வாசனை எழும்பாது. அல்வரின்யோவுக்கு இன்னும் இரண்டு டிகிரி கூடுதல். நாலு யூரோ பாட்டிலை மட்டும் எவ்வளவு குளிராக முடியுமோ அவ்வளவு குளிராக, ஐஸ் கட்டி போட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.