ஈரமலைகளுக்கு ஏற்ற உறக்கப்பை: செயற்கை இழைப் பையுடன் பல ஆண்டு அனுபவம்

கோலாலம்பூரிலிருந்து வார இறுதியில் கிளம்பி, தித்திவாங்சா மலைத்தொடரிலோ பகாங் காடுகளிலோ இரண்டு மூன்று இரவுகள் தங்கிவிட்டு வருபவர்களுக்கு, எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்குவது என்ற கேள்வி ஒரு கட்டத்தில் கட்டாயம் எழும். நான் 2018ஆம் ஆண்டு முதல் பாலியெஸ்டர் இழை நிரப்பிய ஓர் உறக்கப்பையைப் பயன்படுத்தி வருகிறேன். உறையோடு சேர்த்து அதன் எடை ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். தயாரிப்பாளர் குறித்துள்ள வசதி வெப்பநிலை, அதாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிரின் அளவு, 5 டிகிரி செல்சியஸ். அந்த மாதிரி இப்போது கடைகளில் கிடைப்பதில்லை என்பதால் பெயரைச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை. எதைப் பார்த்து அதை வாங்கினேன், நம் காட்டின் ஈரத்தில் அது எப்படி உழைத்தது, எந்த இடத்தில் தேய்ந்தது என்பவைதான் வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

நம் மலைகளில் குளிரைவிட ஈரமே பெரிய சோதனை. தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான மலையான குனோங் தஹான் 2,187 மீட்டர். அடுத்து வரும் குனோங் கொர்பு 2,183 மீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், சமவெளியில் இரவு 24 டிகிரி இருக்கும்போது தஹான் உச்சியில் 11 டிகிரி அளவில் இருக்கும். காற்றும் மழையும் சேர்ந்தால் உடம்புக்கு அது இன்னும் குறைவாகவே தெரியும். இதைப் பனிமலைக் குளிர் என்று சொல்ல முடியாது. ஆனால் உயரம் கூடக் கூட மேகம் காட்டுக்குள்ளேயே புகுந்து நிற்கும்; மழை விட்ட பிறகும் பாசி படர்ந்த கிளைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்; விடிவதற்குள் கூடாரத்தின் உட்புறம் முத்துமுத்தாக வியர்த்திருக்கும். கோலா தஹானிலிருந்து நெடுவழியாக ஏறுபவர்கள் தஹான் ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டியிருப்பதால், முதுகுப்பைக்குள் எதுவுமே முற்றிலும் காய்ந்த நிலையில் முகாமுக்குப் போய்ச் சேரும் என்று உறுதி சொல்ல முடியாது.

தஹான் மலைப்பாதையிலுள்ள கெம் குபாங் முகாமில் மழை விடாமல் பெய்த ஓர் இரவில், எங்கள் குழுவிலிருந்த இளைஞர் வாத்தின் மென்மையான உள்ளிறகான தூவி நிரப்பிய தம்முடைய விலையுயர்ந்த பையைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டுப் பார்த்தேன். தையல் அறைகளில் தூவி ஓர் ஓரமாக உருண்டு திரண்டிருந்தது. மீதி இடத்தில் மேல்துணியும் உள்துணியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. என் பையும் அதே கூடாரத்தில் அதே ஈரத்தைத்தான் வாங்கியிருந்தது. கால்பகுதியில் துணி சில்லிட்டிருந்தாலும் உள்ளே இருந்த இழையின் பருமன் குறையவில்லை. ஜிப்பை இழுத்து மூடிப் படுத்த சிறிது நேரத்திலேயே சூடு பிடித்துவிட்டது.

காரணம் எளியது. நமக்குக் கதகதப்பைத் தருவது இழையோ தூவியோ அன்று, அவற்றுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்று. தூவியின் நுண்ணிய கிளைகள் நீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிடுவதால் அந்தக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. பாலியெஸ்டர் இழை காற்றின் ஈரத்தைத் தன் எடையில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவாகவே உறிஞ்சும். நனைந்தாலும் அதன் சுருள் நெளிவு அப்படியே நிற்கும். பிழிந்து உதறினால் உடல் சூட்டிலேயே மெல்லக் காய்ந்தும் விடும். நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவியும் இப்போது விற்பனைக்கு வருகிறது. அது நனைவதைத் தாமதப்படுத்துமே தவிர, தொடர்ந்து பல இரவுகள் ஈரக்காற்றில் கிடந்தால் அதுவும் படிந்துபோகத்தான் செய்கிறது. நம் மழைக்காட்டுப் பயணத்திற்குச் செயற்கை இழையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். இத்தனை ஆண்டுகளில் இந்தக் கருத்து உறுதிப்பட்டிருக்கிறதே தவிர மாறவில்லை.

அடுத்து எண்கள். பையின் உறையில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் டிகிரியைப் பார்த்து வாங்குவது ஆபத்தானது. ஐரோப்பாவில் 2002இல் இஎன் 13537 என்ற தரநிலை வந்தது. 2016இல் ஐஎஸ்ஓ 23537 அதன் இடத்தைப் பிடித்தது. சூடேற்றிய மனித உருவப் பொம்மையைப் பைக்குள் வைத்துச் சோதித்து, வசதி, வரம்பு, உச்சம் என்று மூன்று வெப்பநிலைகளைக் கணக்கிட்டுச் சொல்வது இதன் முறை. வசதி என்பது பெண் ஒருவர் உடலைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. வரம்பு என்பது ஆண் ஒருவர் உடலைக் குறுக்கிக்கொண்டு எப்படியோ இரவைக் கடத்தக்கூடிய அளவு. உச்சம் என்பது உயிர் தப்புவதற்கான அளவு. வாங்குவதற்கு அதைப் பார்க்கவே கூடாது. சில தயாரிப்பாளர்கள் வரம்பு எண்ணையே பையின் பெயராக வைத்துவிடுவதால், 0 டிகிரி என்று எழுதிய பையின் வசதி எண் 5 அல்லது 6 ஆக இருக்கலாம். ஆணாக இருந்தாலும் வசதி எண்ணைக் கொண்டே தேர்ந்தெடுங்கள். நாள் முழுதும் ஏறிக் களைத்து, அரைவயிற்றுச் சோற்றோடு படுக்கும் உடம்பு சோதனைச்சாலைக் கணக்கைவிட அதிகமாகவே குளிரும். என் மனைவியும் இதே பையின் சிறிய அளவைத்தான் பயன்படுத்துகிறார். தஹான் பாதையிலுள்ள கெம் போத்தாக் போன்ற வெட்டவெளி முகாமில்கூட ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. தீபகற்ப மலைகளுக்கு 5 முதல் 8 டிகிரி வரையிலான வசதி எண் போதும். இதைவிடக் கனத்த பை வாங்குபவர்கள் கூடுதல் சுமையையும் தூக்கி, வியர்வையில் பையை உள்ளிருந்தே நனைத்துக்கொள்கிறார்கள்.

நிரப்பியிருக்கும் இழையிலும் வேறுபாடு உண்டு. துண்டு துண்டான குட்டை இழைகளைக் கொண்ட வகை மென்மையாகவும் சிறிதாக மடியக்கூடியதாகவும் இருக்கும். அமெரிக்க இராணுவத்திற்காக 1980களில் தூவிக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட பிரிமாலாஃப்ட் இவ்வகையில் பெயர்பெற்றது. நீண்ட தொடர் இழையாக வரும் கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் போன்றவை ஒரே விரிப்பாக நிற்பதால் இடையிடையே தைத்துப் பிடிக்க வேண்டியதில்லை; தையல் இல்லாத இடத்தில் குளிரும் நுழைவதில்லை. என்னுடையது தொடர் இழை வகை. இத்தனை நாள் உழைப்புக்குப் பிறகும் இழை எங்கும் திரண்டு கட்டிபடவில்லை. எடைக் குறைவை விரும்புபவர்கள் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் இழை என்று விற்பனையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அடுக்கின் எடை தெரிந்தால் எந்த விளம்பர வாசகமும் தேவைப்படாது.

வடிவத்தைப் பொறுத்தவரை தோளில் அகன்று காலில் குறுகும் மம்மி வடிவமே எடைக்கும் சூட்டுக்கும் பொருத்தம். கழுத்தைச் சுற்றி இழை நிரப்பிய ஒரு பட்டை இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அது இல்லாத பையில் புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் சூடான காற்று வெளியே போய்விடும். ஜிப் இரு முனையிலும் திறப்பதாக இருக்க வேண்டும். கீழ் முகாம்களில் இரவு 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது கால்பக்கத்தைத் திறந்துவிட்டுத் தூங்கலாம்.

படுக்கைப் பாயைப் பற்றிச் சொல்லாமல் பையை மட்டும் மதிப்பிடுவது முறையாகாது. உடலுக்கு அடியில் சிக்கும் இழை நசுங்கிவிடுவதால் கீழிருந்து வரும் குளிரைப் பையால் தடுக்க இயலாது. அந்த வேலையைப் பாய்தான் செய்ய வேண்டும். சோதனையில் பொம்மையையும் வெறுந்தரையில் கிடத்துவதில்லை, பாயின் மேல்தான் கிடத்துகிறார்கள். பாயின் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்று குறிக்கிறார்கள். நம் மலைகளுக்கு ஆர் மதிப்பு 2 அளவிலான மடிப்பு நுரைப் பாய் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பராமரிப்பில்தான் கோலாலம்பூர்வாசிகள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. பயணம் முடிந்து வீடு திரும்பிய அன்றே பையை உறையிலிருந்து உருவி, உள்புறத்தை வெளியே திருப்பி, மின்விசிறிக்குக் கீழே விரித்துவிடுகிறேன்; ஒரு நாள் விட்டாலும் இந்த ஊர்க் காற்றில் பூஞ்சை வாடை ஏறிவிடும். வெயிலில் நீண்ட நேரம் போடுவதில்லை, ஏனெனில் மெல்லிய நைலான் துணி வெயிலில் நலிந்துவிடும். துவைப்பதற்கு, தெருவுக்குத் தெரு திறந்திருக்கும் சுயசேவை டோபி கடைகளின் பெரிய முன்கதவு இயந்திரங்கள் மிகவும் ஏற்றவை. வீட்டில் இருக்கும் மேல்மூடி இயந்திரத்தின் நடுத்தண்டு இழையைப் பிய்த்துவிடக்கூடும். மென்மையான சோப்பைக் குறைவாக விட்டு, துணி மென்மையாக்கும் திரவத்தை முற்றிலும் தவிர்த்து, இரண்டு முறை அலசி, உலர்த்தியில் மிகக் குறைந்த சூட்டில் சுழலவிட வேண்டும். சூடு கூடினால் பாலியெஸ்டரின் சுருள் தளர்ந்து, பை நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். வீட்டில் அதை அலமாரிக் கம்பியில் நீளமாகத் தொங்கவிட்டிருக்கிறேன், பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும் இருக்கிறது.

இத்தனை கவனித்தும் செயற்கை இழை தேயும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நன்றாகப் பராமரித்த தூவி பல ஆண்டுகள் பழைய பருமனுக்கே மீள்கிறது. பாலியெஸ்டரோ ஒவ்வொரு முறை அழுத்தி உறைக்குள் திணிக்கும்போதும் சிறிது சிறிதாகத் தன் வில்லியல்பை இழக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் பையை ஜன்னல் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, இடுப்புப் பகுதியிலும் முழங்கால் பகுதியிலும் வெளிச்சம் சற்று அதிகமாக ஊடுருவியது. தோள் பகுதி மட்டும் முன்போலவே அடர்த்தியாக இருந்தது. இன்றைய நிலையில் அதை 5 டிகிரிப் பை என்று நம்ப மாட்டேன், 9 அல்லது 10 டிகிரிக்கு உரியதாகவே கொள்கிறேன். பட்டைகளை இறுக்கி இறுக்கிச் சுருக்கும் அழுத்து உறையை விடுத்து, சற்றுப் பெரிய நீர்புகா உறையில் தளர்வாகத் திணித்தால் இந்தத் தேய்மானம் தள்ளிப்போகும். முதுகுப்பையில் கூடுதலாகச் சில லிட்டர் இடம் போகும். அதை மனமாரக் கொடுக்கலாம். ஒத்த சூடுள்ள நல்ல தூவிப் பையின் விலையில் பாதிக்கும் குறைவாகவே இதற்குக் கொடுத்தேன் என்பதால், இடையில் ஒருமுறை மாற்றினாலும் எனக்கு நட்டமில்லை.

இந்தப் பை எல்லா இடத்துக்கும் ஆகாது. சபாவிலுள்ள கினாபாலு மலைக்கு ஏறுபவர்கள் 3,200 மீட்டருக்கு மேலுள்ள பனாலாபான் விடுதிகளில் தங்க வேண்டியிருப்பதாலும், அங்கே படுக்கையும் போர்வையும் தரப்படுவதாலும், அதற்காக மட்டும் பை வாங்கத் தேவையில்லை. 4,130 மீட்டரிலுள்ள அன்னபூர்ணா அடிவார முகாமுக்கோ 5,364 மீட்டரிலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்கோ போகிறவர்களுக்கு இரவு உறைநிலைக்கு வெகு கீழே போகும். அந்த அளவுக்குச் செயற்கை இழை நிரப்பினால் பை இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அங்கே காற்றும் வறண்டிருப்பதால் தூவிதான் சரி. ஒரே ஒரு நேப்பாளப் பயணத்திற்காக விலை கொடுத்து வாங்காமல், காத்மாண்டுவின் தாமேல் பகுதிக் கடைகளில் நாள் வாடகைக்கு எடுப்பது சிக்கனம். எடுக்கும்போது பையைத் தரையில் விரித்து ஒரு மணி நேரம் விட்டு, மார்புப் பகுதியில் தூவி உயர்ந்து எழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.