64 ஜிபி என்று காட்டினாலும் நம்பாதீர்கள்: பழைய ஐபாட்டுக்கு மெமரி மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூரில் பழைய ஐபாடை, அதாவது ஆப்பிளின் பாட்டு பிளேயரை, பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள். எனக்கு 240 ரிங்கிட் போனது. அதோடு பாட்டியின் குரலும் போனது.

என்னுடையது 2005-ல் மாமா வாங்கித் தந்த 6 ஜிபி ஐபாட் மினி. உள்ளே இருப்பது சிப் இல்லை, நிஜமாகவே சுழலும் 1 அங்குல ஹார்ட் டிஸ்க். மைக்ரோடிரைவ் என்பார்கள், 5 மில்லிமீட்டர் தடிப்புதான். அது 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே ஒருநாள் நின்றுபோனது.

புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். நம்ம தமிழ்ப் பையன், பணிவாகத்தான் பேசினான். "அக்கா, இந்த டிஸ்க் இப்ப புதுசு யாரும் செய்றதில்ல. பழசு ஒண்ணு 180 ரிங்கிட். அதுக்கு 64 ஜிபி கார்டே போட்டுடலாம், 150-தான்" என்றான். கார்டை டிஸ்க் இருந்த இடத்தில் பொருத்தும் அடாப்டருக்கு 30, கூலி 60.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் என்றால் ஒரு ஜிபிக்கு 30 ரிங்கிட், கார்டு என்றால் இரண்டரைகூட வராது. அவன் சொன்னதில் அதுவரை பொய் இல்லை. மோட்டார், தட்டு, தலை எல்லாம் இருப்பதால் சின்ன டிஸ்க்குக்கு ஒரு அளவுக்குக் கீழே விலை இறங்காது. கார்டில் இருக்கும் ஃபிளாஷ் சிப்புக்கு அந்தச் சுமை இல்லை, வருஷா வருஷம் இறங்கியது. 2004-ல் நிலைமை தலைகீழ், ஃபிளாஷைவிட டிஸ்க்தான் மலிவு, அதற்கே கிராக்கி: 4 ஜிபி மைக்ரோடிரைவைத் தனியாக வாங்குவதைவிட கிரியேட்டிவ் கம்பெனியின் மூவோ பிளேயரை வாங்கி, உடைத்து, உள்ளே இருந்ததை எடுத்துக்கொள்வது மலிவு என்று, கேமராவில் மெமரி கார்டாகப் போடுவதற்காகக் கேமராக்காரர்கள் அதைச் செய்தார்கள். அடுத்த வருஷமே ஆப்பிள் மினியை நிறுத்திவிட்டு, ஃபிளாஷ் வைத்த நானோவைக் கொண்டுவந்தது. இதெல்லாம் தெரிந்திருந்ததால்தான் அவன் சொன்ன மீதியையும் நம்பினேன்.

ஐபாட் திரும்பி வந்தபோது 59 ஜிபி காட்டியது. 64 ஜிபி கார்டு கணினியில் அப்படித்தான் காட்டும், அது தப்பில்லை. பாட்டி எஸ்டேட்டில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் 22 கேசட்டில் இருந்தன. சுருக்காமல் வேவ் கோப்பாக மாற்றியிருந்தேன், ஒவ்வொன்றும் 600 எம்பிக்கு மேல். எல்லாவற்றையும் ஐபாட்டில் ஏற்றினேன். 22 பெயரும் வரிசையாகத் தெரிந்தது. பழைய லேப்டாப்பை அழித்து மகளுக்குக் கொடுத்தேன்.

முதல் 9 கேசட் பாடியது. பத்தாவதை அழுத்தினால் பெயர் வரும், ஒரு விநாடி அமைதி, உடனே பதினொன்றாவதுக்குத் தாவும். அதுவும் அப்படியே. கடைசிவரை தாவிக்கொண்டே போனது.

தம்பி கார்டைக் கழற்றி எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் போட்டான். கார்டில் மிஞ்சிய இடம் முழுவதையும் நிரப்பி, எழுதியதை மறுபடி படித்துப் பார்க்கும் சோதனை அது. எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே கெட்டிருந்தது. பிறகு கார்டில் இருந்ததை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டு, காலி செய்து மறுபடி ஓட்டினோம். நல்லதாக இருந்தது 7.4 ஜிபி மட்டும்! கார்டை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பில் பொய்யான அளவை எழுதிவிட்டால் எந்தக் கருவியிலும் அதுதான் காட்டும். பாட்டுப் பெயர்களும் பட்டியலும் நல்ல பகுதியில் பதிந்துவிடுவதால் எல்லாம் ஏறிவிட்டது போலவே தெரியும். ஆக நான் கொடுத்த 150-க்கு ஒரு ஜிபி ஏறக்குறைய 20 ரிங்கிட்.

திரும்பப் போனால், "உங்க லேப்டாப்ல வைரஸ் இருந்திருக்கும்கா, கார்டுக்கு வாரண்டி இல்ல" என்றான். ரிசிட்டில் 'சர்விஸ் 240' என்று மட்டும் எழுதியிருந்தது. கார்டு எத்தனை ஜிபி, என்ன பிராண்ட், ஒன்றும் இல்லை. அதை வாங்கும்போதே நான் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கட்டாயம் எழுதி வாங்குங்கள். முடிந்தால் கார்டை நீங்களே பெட்டியோடு வாங்கி, வீட்டில் முழுசாக நிரப்பிப் படித்துப் பார்த்து, அதற்குப் பிறகு கடைக்குக் கொடுங்கள், கூலி மட்டும் கட்டுங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், 3 வருஷத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் கார்டு ரிசிட்டோடு ஒரு கவரில் இருக்கிறது. பாக்கி 13 கேசட்டில் 4-ல் பூஞ்சை ஏறிவிட்டது. மற்றதை இந்த வாரம் மறுபடி ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன்.