வளவு வீட்டில் 'ரெசிஸ்ட்' கேட்பது எப்படி?

நெதர்லாந்தின் மெட்டல் இசைக்குழு வித்தின் டெம்ப்டேஷன் என்றாலே ஷாரன் டென் அடெல் குரலும், அதற்குப் பின்னால் எழும் வயலின்களும் கோரஸும்தான் நினைவுக்கு வரும். 2019-இல் வந்த 'ரெசிஸ்ட்' ஆல்பத்தில் அந்த வயலின்களின் இடத்தை சிந்தசைசர் பிடித்துக்கொண்டது. டிரம், பட்டறைச் சம்மட்டி மாதிரி ஒரே அளவில் விழுகிறது. முதல் பாட்டில் பாப்பா ரோச் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் ஜகோபி ஷாடிக்ஸின் கரகரப்புக்கு மேலே ஷாரன் குரல் தெளிவாக மிதப்பது அருமை. குறை ஒன்று: எல்லா ஒலியும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்கு அழுத்தப்பட்டிருக்கிறது. நான்கைந்து பாட்டிலேயே காது களைத்துவிடும்.

காரைக்குடிப் பக்கத்து வளவு வீடுகளில் (நடுவில் முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடுகள்) இதைப் போடுகிறவர்கள் கவனிக்கவும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். இந்தக் குழுவின் பழைய வயலின் பாட்டுக்கு அந்த முழக்கம் அழகு. இந்தத் தாளத்துக்கு எதிரி. ஒரு அடி அடங்கும் முன்னே அடுத்த அடி விழுந்து குழம்பும். மூலையில் வைத்த ஸ்பீக்கரில் பாஸ் இன்னும் வீங்கும். சுவரிலிருந்து 2 அடியாவது தள்ளி வையுங்கள். கனமான ஜமுக்காளம் ஒன்றை எதிரே விரியுங்கள். பாஸ் பூஸ்ட் வேண்டவே வேண்டாம். அப்போதுதான் சிந்தசைசருக்கு அடியில் ஓடும் கிட்டார் தனியாகக் கேட்கும்.